புகழும் ஒரு பரீஷஹமே



தத்வார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் 22 பரீஷஹங்களை எண்ணிக் கூறுகின்றது. மேற்கொண்ட நெறியினின்று வழுவாதிருக்கவும், பழவினை உதிரவும், கலங்காது பொறுத்துக்கொள்ள வேண்டிய இடர்கள் அவை. பசி, நீர்வேட்கை, குளிர், வெப்பம் எனத் தொடங்கும் அவ்வரிசையில் நடையால் வரும் துன்பம், வேண்டியது கிட்டாமை, நோய் ஆகியனவும் உள்ளன. இவற்றை இடர் என எவரும் ஒப்புவர். ஆனால் அதே வரிசையில் 'சத்கார புரஸ்காரம்' என்ற ஒன்றும் இடம்பெற்றுள்ளது. பிறர் நம்மை மதித்து முன்னிறுத்தினும், மதியாது விடினும், மனம் நிலைதிரியாதிருத்தலே அதனை வெல்லுதலாகும். பசியோடும் நோயோடும் மதிப்பையும் ஏன் சேர்த்தார்கள் நம் ஆசாரியர்கள்? இளமையில் இவ்வரிசையை மனப்பாடம் செய்தபோது எனக்கு இது விளங்கவில்லை. பின்னாளில் நான் படித்த ஓர் இளைஞரின் வரலாறே அதனை விளக்கியது.

கனடா நாட்டின் மேற்குப் பகுதியில் வளர்ந்தவர் டெர்ரி ஃபாக்ஸ். 1958ஆம் ஆண்டு பிறந்தவர்; விளையாட்டில் மிகுந்த நாட்டமுடையவர். 1977இல், தமது 18ஆம் வயதில், எலும்புப் புற்றுநோயால் வலக்காலை முழங்காலுக்கு மேலாக இழந்தார். மருத்துவமனையில் தம்மைச் சூழ இருந்த நோயாளிகளின், குறிப்பாகச் சிறு குழந்தைகளின், வேதனையைக் கண்டார். தம் துன்பம் ஒன்றையே எண்ணி அவர் முடங்கியிருக்கலாம். அவரோ, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டுவதற்காகக் கனடாவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை ஓடுவதெனத் துணிந்தார்.

அக்காலத்துச் செயற்கைக் கால் நடப்பதற்கென அமைந்தது, ஓடுவதற்கு ஏற்றதன்று. நல்ல காலை இருமுறை தத்தி வைத்து, செயற்கைக் காலை ஒருமுறை ஊன்றி ஓடும் முறையை அவர் பழகிக்கொண்டார். ஓராண்டுக்கும் மேலாகப் பயின்றார். 1979இல் கலந்துகொண்ட நெடுந்தூர ஓட்டம் ஒன்றில் அனைவர்க்கும் கடைசியாக வந்தார். எனினும் ஓடி முடித்தார்.

1980 ஏப்ரல் 12ஆம் நாள், செயின்ட் ஜான்ஸ் நகரில், அட்லாண்டிக் கடல்நீரில் தம் செயற்கைக் காலை நனைத்துவிட்டுப் புறப்பட்டார். நாள்தோறும் ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடுவது அவர் மேற்கொண்ட நியமம். தொடக்க நாட்களிலேயே சூறைக்காற்றும் மழையும் பனியும் எதிர்ப்பட்டன. பின்னர்க் கோடை வெப்பம் வாட்டியது. செயற்கைக் கால் உராய்ந்த இடம் புண்ணாகிக் குருதி கசிந்தது. க்யூபெக் மாநிலத்தில் அவரை அறிந்தோர் சிலரே. கிடைத்த நன்கொடையும் சொற்பமே. குளிர், வெப்பம், நடை, கிட்டாமை என்னும் நான்கு இடர்களையும் அவர் பொறுத்தார்.

அடுத்து வந்த ஒன்டாரியோ மாநிலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. டொரன்டோ நகரில் மட்டும் ஏறத்தாழ 10,000 மக்கள் கூடி அவரை வரவேற்றனர். தம் பண்டங்களுக்கு அவர் பெயரை விளம்பரமாக்க நிறுவனங்கள் முன்வந்தன. அவர் மறுத்தார். இவ்வோட்டத்தால் எவரும் தமக்கென இலாபம் அடையலாகாது என்பதில் உறுதியாக நின்றார். வலியைப் பொறுத்தவர் உலகில் பலர். வலிய வந்த புகழைத் தமக்கென்று கொள்ளாதவர் சிலரே. ஆசாரியர்கள் மதிப்பையும் இடரோடு சேர்த்த காரணம் இங்கே எனக்குப் புலனாயிற்று. நோய் வந்தால் அதனை நோய் என்று அறிந்து எதிர்க்கின்றோம். புகழ் வந்தால் விருந்தென்று எண்ணி உள்ளே அமர்த்திவிடுகின்றோம்.

1980 செப்டம்பர் 1ஆம் நாள், தண்டர் பே நகரின் அருகே அவர் ஓட்டம் நின்றது. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாட்களில் அவர் கடந்த தூரம் 5,373 கிலோமீட்டர். கணக்கிட்டால் நாளொன்றுக்குச் சராசரியாக 37 கிலோமீட்டருக்கும் மேல் வரும். மறுகரையாகிய பசிபிக் கடலை அவர் காணவில்லை. ஆனால் நாட்டினர் ஒவ்வொருவர்க்கும் ஒரு டாலர் வீதம் திரள வேண்டும் என்ற விருப்பம் நிறைவேறியது. 1981 பிப்ரவரியில் அத்தொகை 2 கோடியே 40 லட்சம் டாலரைக் கடந்தது. அதே ஆண்டு ஜூன் 28ஆம் நாள், 23 வயது நிறைய ஒரு திங்கள் இருக்கையில், அவர் மறைந்தார். 1981 செப்டம்பர் முதல் அவர் பெயரால் ஆண்டுதோறும் ஓட்டம் நடைபெற்று வருகின்றது. அதில் வென்றவர், தோற்றவர் என்ற பிரிவில்லை. இதுவரை திரண்ட தொகை 80 கோடி டாலருக்கும் மேல்.

அவர் சமணரல்லர், துறவியுமல்லர். முனிவர்களின் தவத்தோடு இதனை நிகராக்குவது முறையன்று. உடலை வருத்துவது மட்டுமே தவமாகாது என்பதும் நாம் அறிந்ததே. நோயை மறைத்துக்கொண்டு ஓடுங்கள் என்று இளைஞரை நான் தூண்டவும் இல்லை. ஆயினும் நான்கு தானங்களுள் ஒன்றாகிய ஔஷத தானத்தின் பொருட்டு, தமக்கென எதுவும் வேண்டாது ஒருவர் பட்ட பாட்டிலிருந்து இல்லறத்தாராகிய நாம் கற்க வேண்டியது உண்டு.

என் குறையையும் சொல்லிவிடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலயத் திருப்பணிக்கு என் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை அளித்தேன். நன்கொடையாளர் பெயர்களைப் பொறித்த கல்லில் என் பெயர் விடுபட்டிருந்தது. இரண்டு திங்கள் நான் ஆலயத்துக்குச் செல்லவில்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன். வலி இருந்தது மெய்; ஆனால் நான் செல்லாததற்குக் காரணம் அதுவன்று. தானமும் தூய்மை இழந்தது, சத்தியமும் பிழைத்தது. இரு கால்களும் உடைய நான், ஒரு பெயர் இல்லாமையால் சில தெருக்களைக் கடக்க இயலாதவளானேன். ஒரு காலை இழந்தவர் 5,373 கிலோமீட்டர் கடந்தார்.

அக்கல்லில் இன்றும் என் பெயர் இல்லை. சேர்க்குமாறு நான் கேட்கவுமில்லை. உள்ளே செல்லும்போதெல்லாம் அதனை ஒருமுறை பார்த்துக்கொள்கின்றேன். எனக்குப் பாடம் சொல்லும் கரும்பலகை அது.

அன்பர்களே, வரும் தசலட்சண நாட்களில் உத்தம தியாகத்தைச் சிந்திக்கும்போது ஒன்று செய்வோம். நம் ஊரில் மருந்துக்கு வழியின்றி வாடும் ஒருவர்க்கேனும் நம்மால் இயன்றதைக் கொடுப்போம். கொடுத்தவர் யார் என்பதை அவரும் அறிய வேண்டா. அன்றிரவு நம் மனம் எதனைத் தேடுகின்றது என்பதை உற்று நோக்குவோம். ஒன்றையும் தேடாவிடில், ஒரு பரீஷஹத்தை அந்த ஒரு நாளேனும் வென்றோம் என மகிழலாம்.

அருகன் திருவடி போற்றி!