பல்லு சும்மா படிக்கவில்லை

வீரமுனையில் ஓர் அறுவடைக் காலம். களத்தில் காயவிட்டிருந்த நெல்லில் ஒரு மணியை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார் முதிய வெள்ளாமைக்காரர் ஒருவர். "இன்னும் ஒரு வெயில் காணணும், பாதர்" என்றார். நெல் வாங்கச் சம்மாந்துறையிலிருந்து வந்த வியாபாரியின் கருவியும் சற்று நேரத்தின் பின் அதையே சொல்லிற்று. ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்கவில்லை.

"பல்லுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அப்பாவோட களத்தில நிண்ட காலத்தில எத்தின மணி கடிச்சிருப்பன்! பல்லு சும்மா படிக்கல்ல."

அன்பார்ந்த வாசகர்களே, இன்று நமக்குப் பசிப்பது கடிகாரத்தைப் பார்த்து. மழை வருமா என்பதை அறிவது கைத்தொலைபேசியைப் பார்த்து. இதைக் கண்டு சலித்தவர்கள் "உடலின் குரலைக் கேளுங்கள், இயற்கைக்குத் திரும்புங்கள்" என்கிறார்கள். நல்ல அழைப்புத்தான். வானத்தின் செம்மையைப் பார்த்துக் காலநிலை கூறியவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டது, அந்த அறிவுக்காக அன்று. அதற்கு மேல் பார்க்க மறுத்ததற்காகவே. ஆயினும் உடல் சொல்வதையெல்லாம் நம்பலாமா?

குருமடத்தில் புனித தோமஸ் அக்குவினாஸைப் படித்தபோது ஓர் ஆடும் ஓர் ஓநாயும் குறுக்கிட்டன. ஓநாயைக் கண்டதும் ஆடு ஓடுகிறது. ஓநாயின் நிறமோ உருவமோ பிடிக்காமல் அல்ல, அது தன் பகை என்று உணர்வதால். இவ்வுணர்வை இறைவன் விலங்கின் இயல்பிலேயே வைத்தார் என்கிறார் புனிதர். மனிதனிலும் இதை ஒத்த ஆற்றல் உண்டு. ஆனால் அது தனித்தனி அனுபவங்களை ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொல்லும். அன்று பரீட்சைக்காக மனனம் செய்தேன். பொருள் விளங்கியது பிற்பாடுதான்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிறு, போயா தினமும்கூட. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று இந்தக் கரை முழுவதையும் கடல் வாரிக்கொண்டது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கைக் கரையின் பல இடங்களில், முதல் அலை வந்து வடிந்து கடல் உள்வாங்கிய வேளையில் மக்கள் வேடிக்கை பார்க்க இறங்கினார்கள். அடுத்து வந்தது பேரலை. தலைமுறை தலைமுறையாய்க் கடலோடு வாழ்ந்தவர்கள்தான். ஆயினும் அந்தக் கடலை அவர்களுடைய உடல் அறிந்திருக்கவில்லை.

யாலக் காட்டின் மிருகங்கள் முன்கூட்டியே உணர்ந்து ஓடித் தப்பின என்ற கதையை அப்போது எல்லோரும் சொன்னோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால், செய்மதிக் கருவி பூட்டப்பட்டிருந்த யானைகளின் நடமாட்டத்தைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், அவை முன்னறிந்து விலகியதற்குச் சான்று காணவில்லை. அழகான கதையாக இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது.

உண்மையில் தப்பியவர்கள் இந்தோனேசியாவின் சிமெலுவே தீவு மக்கள். நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தும், சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேரே. 1907இல் அங்கு ஒரு பேரலை அடித்தது. அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, நிலம் பலமாக ஆடினால், கடல் வற்றினால், மேட்டுக்கு ஓடு என்று பாட்டன்மார் பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டிலும் கதையிலும் சொல்லி வந்தார்கள். நிலம் ஆடியதும் கால்கள் தாமாகவே ஓடின. பார்ப்பவர்க்கு அது உள்ளுணர்வு. ஆனால் அந்தக் கால்களுக்குள் ஏறத்தாழ நூறாண்டு ஞாபகம் இருந்தது. அவையும் சும்மா படிக்கவில்லை.

உடல் கற்றுக்கொள்ளும் என்றால், அது தவறாகவும் கற்கும். இதை நம் கரையில் வாழ்பவர் மறக்கலாகாது. 1990 ஓகஸ்டில் மட்டும் காத்தான்குடியும் ஏறாவூரும் வீரமுனையும் சிந்திய இரத்தத்தைப் பெரியவர்கள் அறிவர். அதன் பின் தொப்பியைக் கண்டு ஒரு நெஞ்சு படபடத்தது. திருநீற்றைக் கண்டு இன்னொரு நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பும் உடலின் குரல்தான். கடலைக் கண்டு நடுங்குவது போலவே, உண்மையாகவே நடுங்கிற்று. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அதைப் பிள்ளைகளுக்கு அப்படியே கையளித்தோமே, அங்குதான் நம் மனச்சாட்சிக்கு வேலை இருக்கிறது. சிமெலுவேயின் பாட்டி அலையைப் பற்றிச் சொன்னாள். நம் வீட்டுப் பாட்டி, "அந்தப் பக்கம் போகாதே" என்று மனிதரைப் பற்றிச் சொன்னாள். பேரனின் உடல் இரண்டையும் ஒரே விதமாகத்தான் வாங்கிக்கொள்ளும். ஆட்டின் ஓநாயைப் போல, அயலானும் பகையாகிவிடுவான்.

அன்று களத்தில் வியாபாரி மூட்டைக்குக் காத்திராமல், நாளை மறுநாள் வருவதாகச் சொல்லி, வெற்றிலை போட்டுக்கொண்டு போனார். அவருடைய மோட்டார் சைக்கிளின் சத்தம் தேயும் வரை முதியவர் பேசவில்லை.

"தொண்ணூறில ஊர விட்டு ஓடின ஆள்தான் நான். இப்பவும் இருட்டின பிறகு வாசல்ல மோட்டர் சைக்கிள் நிண்டா உடம்பு ஒருக்காப் பதறும், பாதர்" என்றார். "எழும்பிப் போய் ஆளப் பாப்பன். பாத்தா, அவர்தான் நிப்பார்."