வையாவிருத்தியம் தொடங்குமிடம்



அகத்தவங்கள் ஆறனுள் வையாவிருத்தியமும் ஒன்று. தத்துவார்த்த சூத்திரம் ஒன்பதாம் அதிகாரத்தில், தொண்டு பெறத்தக்க பதின்மருள் நோயுற்றோரையும் வைத்து எண்ணுகிறது. அது முனிவரைக் குறித்தது எனினும், இல்லறத்தார்க்கு அத்தவம் தொடங்குமிடம் நம் வீட்டுக் கட்டிலே என்பதனை நான் எழுபது வயதிற்குப் பின்னரே கற்றேன்.

என் மூத்த ஓரகத்தியார் பக்கவாதத்தால் படுக்கையுற்றபோது, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துச் செவிலி ஒருவர் இல்லம் வந்தார். (2021 ஆகஸ்டு 5ஆம் நாள் அத்திட்டம் தொடங்கப்பெற்ற ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சமணப்பள்ளி, பெயர்ப்பொருத்தம் கண்டு மகிழ்ந்தேன்.) வந்தவர் உடனே மருந்து எதுவும் தரவில்லை. முதுகு, இடுப்பு, குதிகால் ஆகியவற்றைப் பார்த்தார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி, சிவப்பு மறையாதிருப்பின் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம் என்றார். ஒரு கரண்டி நீர் அருந்தச் செய்து இருமல் வருகிறதா எனக் கவனித்தார். மாத்திரைகளை எண்ணினார், கணக்கு மிகுந்தது.

கதிரவன் மறைந்தபின் ஓரகத்தியார் எதுவும் உட்கொள்ளார். ஆகவே இரவு மாத்திரையை நாங்கள் கொடுப்பதேயில்லை, எவரிடமும் சொன்னதுமில்லை. நாணத்தோடு உரைத்தோம். செவிலி இகழவில்லை. மருத்துவரைக் கேட்டு, அதனை மாலை ஐந்து மணிக்கு மாற்றித் தந்தார். முதலிலேயே சொல்லியிருந்தால் நான்கு திங்கள் இரத்த அழுத்தம் ஏறியிருக்க வேண்டியதில்லை.

வினாக்கள் அனைத்திற்கும் நானே விடையிறுத்தேன். ஆசிரியத் தொழிலின் குறை அது. செவிலி மருமகளை நோக்கி, “நீங்கள் சொல்லுங்கள் அக்கா, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்? உங்கள் முதுகு எப்படி இருக்கிறது?” என்றார். அப்பெண் அழுதுவிட்டாள். இரண்டு மணிக்கொருமுறை எழுந்து தனியே புரட்டிப் படுக்கவைத்து அவள் முதுகு நொந்திருந்தது. நானோ வருவோரிடமெல்லாம் அவளைப் புண்ணியவதி என்று புகழ்ந்து வந்தேன். அப்புகழே அவள் வாயை அடைத்தது.

அருவருப்பின்மைக்கு உத்தாயண மன்னனை எடுத்துக்காட்டுவோம். நோயுற்ற முனிவர் வடிவில் வந்தவர் உமிழ்ந்தபோது ஏனையோர் விலகினர். மன்னன் நின்றான் என்று பலமுறை பிள்ளைகட்குச் சொல்லியிருக்கிறேன். அரசி பிரபாவதியும் உடன் நின்றாள் என்பதனை மட்டும் விரைந்து கடந்துவிடுவேன்.

இன்று பழைய பருத்திப் புடவையை மடித்து இடுப்பின்கீழ் இட்டு, இருபுறமும் இருவர் பற்றியே ஓரகத்தியாரைத் திருப்புகின்றனர். நள்ளிரவு வரை மகன் முறை, பின்னர் மருமகள். தூக்க வலுவற்ற எனக்குக் காலைப் பார்வையும் குறிப்பேடும் வாய்த்தன. குதிகால் சிவந்த நாட்களைப் பழைய வழக்கப்படி சிவப்பு மையால் குறித்து வருகிறேன்.