எடுத்தவர் வைக்கும் ஈடு

பிறர் சேர்த்து வைத்ததை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக நாமே ஒன்றைத் தீர்மானித்து வைத்துவிட்டால் நீதி நிறைவேறிவிடுமா? இக்கேள்வியை எழுப்புவது ஒரு சிற்றெலி.

அலாஸ்காவின் மேற்குப் பகுதிச் சதுப்பு வெளிகளில் குட்டை வாலுடைய எலியினம் ஒன்று வாழ்கின்றது. கைக்குள் அடங்கும் பிராணி. பனிக்காலம் முழுவதும் உறங்கிக் கிடக்கும் வழக்கம் அதற்கில்லை. பனிப் போர்வையின் கீழே வழியமைத்து நடமாடுகின்றது. கோடையில் பச்சைத் தளிர்களைக் கொறிக்கும் இவ்வெலி, இலையுதிர் காலம் வந்ததும் நிலத்துக்குள் இருப்பதைத் தேடத் தொடங்குகின்றது. செடிகள் அடுத்த வசந்தத்துக்கென மாப்பொருளை வேரிலும் கிழங்கிலும் சேமித்து வைக்கும் வேளை அது. பஞ்சுக் கோரையின் அடித்தண்டு, சில செடிகளின் தித்திப்பான வேர் என்பவற்றைத் துண்டு துண்டாக நறுக்கி நிலத்தடி அறைகளில் குவிக்கின்றது. 1776இல் இதற்கு விஞ்ஞானப் பெயரிட்ட பல்லாஸ் என்னும் அறிஞர், வீட்டு நிருவாகி எனப் பொருள்படும் சொல்லையே தெரிந்தெடுத்தார். எவ்வளவு பொருத்தம்!

அங்கு வாழும் யூப்பிக் மக்கள் உறைபனி இறுகுமுன் இவ்வறைகளைத் தேடிச் செல்வர். காலுக்கு மெத்தென்று படும் இடத்தைக் கிளறிக் கிழங்குகளை எடுத்துச் சூப்பில் சேர்ப்பர். ஆனால் முழுவதையும் எடுப்பதில்லை. காய்ந்த மீனோ வேறு உணவோ ஈடாக வைத்துக் குழியை மூடிவிடுவர்.

அழகான வழக்கந்தான். ஆயினும் விலை பேசியவர் யார்? எலி தெரிந்தெடுத்தது கிழங்கை, கிடைத்ததோ மீன். அந்த மீன் எலியின் பசிக்காக வைக்கப்பட்டதா, எடுத்தவரின் மனச்சாட்சிக்காகவா? எலியும் செடியிடம் கேட்டுக்கொண்டா வேரைப் பிடுங்கியது என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் எனக்கு நிறைவளிக்கவில்லை. தன் செயலால் இன்னொரு உயிர் பனிக்காலத்தில் பட்டினி கிடக்கும் என்பதை எலி அறியாது, மனிதர் அறிவர்.

ஆகவே, வைத்த மீனைவிட எடுக்காமல் விட்ட கிழங்கையே நான் பெரிதாக மதிக்கிறேன். அது எலி தானே தெரிந்து சேர்த்த உணவு. அதை விட்டுவைப்பவர் தமக்கு வேண்டியதில் ஒரு பங்கை இழக்கிறார். காய்ந்த மீனை வைப்பவரோ வீட்டில் மிகுந்திருப்பதைக் கொடுக்கவும் கூடும். குழிக்குள் விட்ட கையைப் போதுமென்று வெளியே எடுக்கும் அவ்வேளையில், எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர் எவருமில்லை.