வியப்பும் கூலியும்

கீரிமலை என்னும் பெயரே ஒரு கதையிலிருந்து பிறந்தது. கீரிமுகம் கொண்டிருந்த நகுல முனிவர் இக்கடலோரத்து ஊற்றில் நீராடி மனித முகம் பெற்றார் என்பது ஐதிகம். ஆடி அமாவாசையன்று இங்கே தீர்த்தமாட வருவோருள் அக்கதையை அறியாதார் இலர். கேணிக்குக் கல் உடைத்தவர் யார், சுமந்தவர் யார், அவர்க்கு என்ன கூலி கிடைத்தது என்று கேட்டாலோ விடை கூறுவாரைக் காணோம். கதைகள் ஒன்றை நினைவில் நிறுத்தும்போதே வேறொன்றை மறதியில் ஆழ்த்திவிடுகின்றன. இவ்வுண்மையை நாம் முன்னரே அறிந்திருந்தோம். ஆயினும், அதன் அறப்பொருளை எமக்கு உணர்த்தியவன் பத்தாந்தர மாணவன் ஒருவனே.

எமது வகுப்பில் வாரந்தோறும் ஒருவர் பொது அறிவுக் குறிப்பொன்றை வாசிப்பது வழக்கம். அன்று மாணவியொருத்தி பம்பாய் டப்பாவாலாக்களைப் பற்றி வாசித்தாள். வீடுகளில் சமைத்த மதிய உணவை அலுவலகங்களுக்குச் சுமந்து சென்று, வெற்றுப் பெட்டிகளை மீண்டும் வீடு சேர்க்கும் தொழிலாளர் அவர்கள். "1 கோடியே 60 இலட்சம் பெட்டிகளுள் ஒன்றே தவறும், இதற்காக உலகத் தரச் சான்றிதழும் பெற்றுள்ளனர்" என்று அவள் முடித்ததும் வகுப்பு கைதட்டியது. நாமும் தட்டினோம். கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "அவையளுக்கு எவ்வளவு சம்பளம், சேர்?"

வகுப்பு சிரித்தது, கேட்டவன் சிரிக்கவில்லை. அவனுடைய தமையன் கொழும்பிலே மோட்டார் சைக்கிளில் பொதி விநியோகம் செய்பவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். பொதியொன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. பெற்றோலும் டயரும் அவர் செலவு. வீட்டில் ஆளில்லாமல் திரும்பிவரும் பொதிக்குக் காசு இல்லை. சென்ற ஆண்டு அந்த நிறுவனம் 'சிறந்த ஊழியர்' என்று சட்டமிட்ட பத்திரம் ஒன்றை அவருக்கு வழங்கியது. அது கீரிமலையில் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகின்றது.

அம்மாணவனின் வினா எம்மை விடவில்லை. உழைப்பை வியந்து போற்றுவதனால் உழைப்பாளிக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் தீர்ந்துவிடுகின்றதா? அன்றி, அந்த வியப்பே கடனை மறைக்கும் திரையாகின்றதா?

முதலில் டப்பாவாலாக்களின் கதையையே ஆராய்வோம். 1890 அளவில் மகாதேவ் ஹவாஜி பச்சே என்பவர் தொடக்கிய தொழில் இது. 2020க்கு முன்னர் ஏறத்தாழ 5,000 பேர் நாளொன்றுக்கு 2 இலட்சம் அளவில் பெட்டிகளைச் சுமந்தனர். அதிகம் படித்திராத அவர்கள் பெட்டியின் மூடியில் எண்ணும் எழுத்தும் நிறமும் கொண்ட குறிகளைத் தீட்டி, ஏறும் நிலையம், இறங்கும் நிலையம், கட்டடம், மாடி ஆகிய யாவற்றையும் அடையாளங் கண்டனர். இது மெய்யான திறமை, எவரும் மறுக்கவியலாதது.

'உலகத் தரச் சான்றிதழ்' என்பதோ வேறு வகையைச் சேர்ந்தது. அமெரிக்க வணிக இதழான 'போர்ப்ஸ்' 1998இல் வெளியிட்ட ஒரு கட்டுரையைச் சுற்றி வளர்ந்த கதை அது. அக்கட்டுரையாளரே பிற்காலத்தில், தமது இதழ் அத்தகைய சான்றிதழ் எதனையும் வழங்கவில்லை என்று விளக்கினார். எனினும் கதை நிற்கவில்லை. முகாமைத்துவ வகுப்புகளில் அது பாடமாயிற்று. 2003இல் இங்கிலாந்தின் இளவரசர் சார்ள்ஸ் அவர்களைச் சந்தித்தார். 2005இல் அவர் திருமணத்துக்கு அழைப்பும் வந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பம்பாயின் புறநகர் ரயில்கள் நின்றபோது தொழிலும் நின்றது. பலர் தம் கிராமங்களுக்குத் திரும்பினர். உலகப் புகழ் ஒருவேளைச் சோற்றையேனும் அப்பெட்டிகளில் நிரப்பவில்லை.

அமெரிக்காவின் பொதிக் கம்பனிகளிடமும் இத்தகைய கதைகள் மலிந்துள்ளன. 1907இல் சியாட்டில் நகரில் இரு இளைஞர்கள் 100 டொலர் கடனுடன் தொடங்கியதே இன்றைய 'யுனைட்டெட் பார்சல் சேர்விஸ்'. அதன் சாரதிகளுக்கு 340 செயல்முறைகள் வகுக்கப்பட்டுள்ளன என்பர். சாவியை எந்த விரலில் மாட்டுவது என்பதும் அவற்றுள் அடக்கம். வீதியின் வலப்புறமாக வாகனம் ஓடும் அந்நாட்டில், எதிர்வரும் வாகனங்களுக்காகக் காத்திருந்து நேரமும் எரிபொருளும் வீணாகாதபடி இடப்புறத் திருப்பங்களை இயன்றவரை தவிர்ப்பதும் அங்கே வழக்கம். கேட்கச் சுவையான செய்திகள்தாம். ஆயின், மனிதனின் விரலசைவு வரை அளந்து வைத்தவர் அவன் களைப்பையும் அளந்தனரா?

அதே கம்பனியில் 1997 ஆகஸ்டில் ஏறத்தாழ 1,85,000 தொழிலாளர் 15 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பகுதிநேர வேலைகளை முழுநேர வேலைகளாக மாற்றுக என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கை. 10,000 முழுநேர வேலைகளை உருவாக்கக் கம்பனி உடன்பட்டது. சாவி மாட்டும் விரலைப் பற்றி அறிந்த எம் மாணவருள் ஒருவரும் இந்தப் பதினைந்து நாட்களைப் பற்றி அறியார். நாமும் அவர்களுக்குச் சொல்லியதில்லை.

இன்னொரு கதை. 'பெடரல் எக்ஸ்பிரஸ்' 1973 ஏப்ரல் 17இல் 14 விமானங்களுடன் பறக்கத் தொடங்கி, முதலிரவில் 186 பொதிகளைச் சுமந்தது. பின்னர் பணம் வற்றிப்போன வேளையில், அதன் நிறுவனர் எஞ்சிய 5,000 டொலரை லாஸ் வேகாஸ் சூதாட்ட மேசையில் வைத்து 27,000 ஆக்கி, எரிபொருட் கடனைத் தீர்த்தார் என்று சொல்லப்படுகின்றது. துணிவுக்கு எடுத்துக்காட்டாக இதனைக் கூறுவர். அக்கம்பனியில் மூட்டை தூக்கும் ஒருவன் தன் மாதச் சம்பளத்தை அதே மேசையில் வைத்திருந்தால் அவனை எப்பெயரால் அழைத்திருப்போம்? முதலாளியின் சூது துணிவாகவும் தொழிலாளியின் சூது ஒழுக்கக் கேடாகவும் தோன்றுவது, கதை சொல்பவர் எந்த மேசையில் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்ததே.

"புகழ்வதால் யாருக்கு என்ன நட்டம்? தொழிலாளியே அதில் மகிழ்கிறானே" என்று அன்பர் சிலர் கேட்கலாம். நியாயமான வினா. தொழிலில் பெருமிதம் கொள்ளும் உரிமை உழைப்பாளிக்கு உண்டு. அப்பெருமிதத்தை ஏளனம் செய்பவன் அவனுக்கு நண்பனாகான். ஆனால், உழைப்பாளி தன் கைத்திறனைத் தானே சொல்வது ஒன்று. அவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடாதவர் அதே திறனைப் பாடுவது மற்றொன்று. முன்னது தொழிலின் அறிவு, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்வது. பின்னது செலவில்லாத வெகுமதி.

டப்பாவாலாக்களின் மெய்யான அதிசயத்தையும் இந்த வெகுமதிப் பேச்சு மறைத்துவிட்டது. அவர்கள் தலைக்குமேல் முதலாளி இல்லை. குழுக்களாகச் சேர்ந்து, வருமானத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றனர். ஒருவன் பெட்டியைத் தவறவிட்டால் அது எல்லோர்க்கும் நட்டம். ஆகவே ஒருவன் சுமையை மற்றவன் தாங்குகிறான். கைதட்ட வேண்டிய இடம் இதுவென்றால், இங்கே கைதட்டுபவர் அடுத்த வினாவையும் கேட்டாக வேண்டும்: ஏனைய பொதிக் கம்பனிகளில் இலாபம் ஏன் பங்கிடப்படுவதில்லை? அந்த வினா வகுப்பறையை எட்டாதவாறு, 1 கோடியே 60 இலட்சம் என்ற எண் வாயிலில் காவல் நிற்கின்றது.

ஆசிரியராகிய எமக்கும் இதில் பங்குண்டு. தரவுகளைப் பொறுக்கி மாணவர் கையில் கொடுப்பது எளிது. ஒவ்வொரு தரவின் பின்னும் நிற்கும் மனிதனைக் காட்டுவது கடினம். எளியதைச் செய்து நாம் கைதட்டினோம். கடினமானதை ஒரு மாணவன் செய்தான்.

மறுவாரம் அம்மாணவியும் அவனும் சேர்ந்து குறிப்பைத் திருத்தி எழுதி வந்தனர். சான்றிதழ்க் கதை நீங்கியிருந்தது. பங்கீடும், ரயில் நின்ற மாதங்களும் சேர்ந்திருந்தன. வகுப்பு முடிந்தபின் சுவரில் தொங்கும் பத்திரத்தைப் பற்றி அவனிடம் கேட்டோம். இனி அதைக் கழற்றிவிடுவான் என்று எண்ணியிருந்தோம்.

"கழற்றேல்லை, சேர். அது அண்ணா ஓடி உழைச்சு வாங்கினது. பெற்றோல் காசும் தரட்டும்."

எமது கட்டுரையின் முடிவும் அதுவே. பத்திரம் சுவரில் இருக்கட்டும். அதன் அருகே கூலியும் வரவேண்டும். அது வரும்வரை கைதட்டும் கைகள் எல்லாம் கடன்பட்ட கைகளே.