புள்ளிகளுக்கு நடுவே ஒரு நிழல்

ஏயூ மைக்ரோஸ்கோப்பி என்றொரு செங்குறுமீன், நம்மிடமிருந்து சுமார் 32 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள். விண்மீன் கணக்கில் பால்குடி மறக்காத பருவம். துடுக்கும் அதற்கேற்பத்தான். மேற்பரப்பில் பெரும் கரும்புள்ளிகள். தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 4.86 நாள், புள்ளி அடர்ந்த பக்கம் நம்மைப் பார்க்கும்போது ஒளி மங்கும், விலகினால் ஏறும். நடுநடுவே திடீர்ச் சுடர்கள் வேறு.

2018-இல் டெஸ் விண்கலம் இதை ஏறத்தாழ ஒரு மாதம் கவனித்தது. புள்ளிகளால் ஒளி சில விழுக்காடு ஏறி இறங்குகிறது. அந்த அலைக்குள், சில மணி நேரமே நீடித்த ஒரு பள்ளம், இருமுறை. ஆழம் கால் விழுக்காடு அளவுதான். நெப்டியூன் அளவுள்ள ஒரு கோள் குறுக்கே கடந்துபோன நிழல் அது.

அதைப் பிரித்தெடுத்த விதத்தில்தான் என் மனம் நிற்கிறது. அலையின் போக்கை ஒட்டி ஒரு கோடு வரைந்து கழிக்கிறார்கள். கோடு வளைந்து கொடுக்காவிட்டால் அலை மிஞ்சும். கண்டபடி வளைந்து கொடுத்தாலோ பள்ளத்தையும் சேர்த்துத் தூர்த்துவிடும். மனத்திலும் அப்படித்தான். தியானத்தில் உட்கார்ந்து, எழுகிற எண்ணத்தையெல்லாம் வழித்தெறிவதை நாம் பெரிய சாதனையாக நினைக்கிறோம். அருள் வந்து தொட்டிருந்தால் அதுவும் அந்த வாரலோடு போயிருக்கும். மாலையானால் வரும் சோர்வு, ஒரு பெயரைக் கேட்டாலே கிளம்பும் எரிச்சல், இவற்றுக்கும் ஒரு சுற்று உண்டு. விரட்டாமல் பார்த்திருந்தால் அந்தச் சுற்று பிடிபடும். பிறகுதான், அதில் சேராத ஒன்று வந்துபோனால் தெரியும்.

விண்மீனில் வந்தது நிழலா புள்ளியா என்று சோதிக்க வழி இருக்கிறது. புள்ளிகள் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்தவை. ஆகவே அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால் அவற்றின் ஆட்டம் குறையும். கோளின் நிழலோ எந்த நிறத்திலும் ஏறத்தாழ அதே ஆழம்தான். 2019-இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி அகச்சிவப்பில் பார்த்தது. பள்ளம் அப்படியே இருந்தது. டெஸ் கண்ட இரு பள்ளங்களுக்கு நடுவே வந்திருக்க வேண்டிய இன்னொன்று, தரவு விடுபட்ட நேரத்தில் விழுந்திருந்தது. கோளுக்கு 8.46 நாள் என்ற சுற்றுக்காலம் ஸ்பிட்சருக்குப் பிறகே உறுதியானது.

டெஸ் 2018-இல் எடுத்த அதே தரவில், ஒரே ஒருமுறை தென்பட்ட வேறொரு பள்ளமும் இருந்தது. அதைக் கோள் என்று அடித்துச் சொல்ல யாரும் அவசரப்படவில்லை. 2020-இல் டெஸ் மறுபடி அந்தப் பக்கம் திரும்பியபோது அது மீண்டும் வந்தது, 18.86 நாளுக்கு ஒருமுறை சுற்றும் இரண்டாவது கோள்.