கூனிமேட்டில் நிற்காத வண்டி

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வலையின் இரண்டு கயிறுகளும் கரையில் வெகுதூரம் விலகி, இரண்டு கூட்டத்தாரின் கையில் இருக்கும். ஒரு பக்கத்தார் தோள்வலிமையைக் காட்டி வேகமாக இழுத்துவிட்டால் வலை கோணிக்கொள்ளும். மடியில் சேரவேண்டிய மீன் மறுபக்கமாக நழுவிவிடும். ஆகையால் பலசாலி தன் பலத்தை அடக்கிக்கொள்கிறான், சளைத்தவன் சற்று முனைந்து இழுக்கிறான். இருவருக்கும் நடுவில் அளவு சொல்லிக்கொண்டிருப்பது அம்பாப் பாட்டு. ஒருவன் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாட, பாட்டின் அழுத்தம் விழும் இடத்தில் எல்லாக் கால்களும் மணலில் ஒன்றாக ஊன்றும். ஃபைபர் படகும் மோட்டாரும் வந்தபின் அந்தப் பாட்டு தேய்ந்துவிட்டது. மோட்டாருக்குப் பாட்டு தேவையில்லை.

மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கும் கூனிமேடு என்னும் கடலோர ஊரை நினைக்கும்போதெல்லாம், இந்த வலையிழுப்பும் சேர்ந்து இசைத்தல் என்னும் கலையும் கூடவே நினைவில் எழுகின்றன. பாடவும் வாசிக்கவும் கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் நம்மிடம் நிறைய உண்டு. பிறரோடு சேர்ந்து வாசிக்கக் கற்பது வேறு கல்வி. தனியே வாசிப்பவனுக்குத் தன் விரலும் தன் காதும் போதும். சேர்ந்து வாசிப்பவன் தன்னைக் கேட்டுக்கொண்டே பிறரையும் கேட்கவேண்டும். கேட்டதற்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டும். வாழ்க்கையில் நம்மில் பெரும்பாலோருக்குக் கைவராமல் போவதும் இந்தக் குறைத்துக்கொள்ளுதல்தான்.

மேனாட்டு ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின்காரர்கள் இருவருக்கு ஒரு நோட்டு ஸ்டாண்டு வைப்பார்கள். தாள் முடியும் இடம் வந்ததும் உள்பக்கம் உட்கார்ந்திருப்பவர் வில்லை நிறுத்திப் பக்கத்தைத் திருப்புவார். சபைக்கு அருகில் இருப்பவர் வாசித்துக்கொண்டே இருப்பார். அந்த இரண்டு மூன்று நொடிகளில் ஒரு வயலினின் ஒலி குறைந்துபோகிறது. சபையில் ஒருவரும் அதை அறிவதில்லை. திருப்பியவருக்குக் கைதட்டல் கிடையாது. ஆனால் அவர் தம் வாசிப்பை நிறுத்தியிராவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் வாசிப்பு அறுந்திருக்கும். கூட்டிசைப் பயிற்சியின் மாணவன் வில்பிடிக்கக் கற்பதோடு இப்படி வில்லை எடுக்கவும் கற்கிறான். இரண்டாவது பாடம்தான் கடினமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

இது வெளியிலிருந்து வந்த பண்பு என்று எண்ணவேண்டியதில்லை. நம் பெரிய மேளத்தில் ஒத்துக்காரர் என்று ஒருவர் இருந்தார். சுவாமி புறப்பாட்டில் நாதசுரக்காரர் மல்லாரி வாசிப்பார், ராகத்தை விரிப்பார், தவில்காரர் அதற்கு மேலே போய் ஆர்ப்பரிப்பார். ஒத்துக்காரரோ கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூச்சு வாங்கும் இடம் வெளியே தெரியாதபடி, நான்கு வீதியும் சுற்றி முடியும்வரை ஒரே சுரத்தை ஊதிக்கொண்டு நடப்பார். நோட்டீஸில் அவர் பெயர் அச்சானதில்லை. ஆனாலும் அந்த ஒற்றைச் சுரத்தின்மேல் நின்றுதான் மற்ற எல்லாச் சுரங்களும் தங்கள் இடத்தை அறிந்துகொண்டன. இன்று அந்த இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது. பெட்டி தவறுவதில்லை என்பது மெய். அது யாரையும் கேட்பதில்லை என்பதும் மெய்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, இசையின் அடியில் ஓர் அறம் இருப்பது புலப்படுகிறது. ஒலிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் அந்த உரிமை, பிறர் ஒலிப்பதற்கு நாம் விட்டுக்கொடுக்கும் இடத்திலிருந்துதான் பிறக்கிறது. இரண்டு மனிதர்களுக்கு நடுவே இது உண்மையென்றால், இரண்டு ஊர்களுக்கும் இரண்டு நாடுகளுக்கும் இரண்டு பண்பாடுகளுக்கும் நடுவே இன்னும் கூடுதலாகவே உண்மையாக இருக்கவேண்டும்.

பண்பாட்டுக் கூட்டுறவு என்ற பெரிய சொல்லை இன்று எல்லா இசை நிறுவனங்களும் சொல்லுகின்றன. சொல் புதிது, செயல் பழையது. சுமார் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன், சென்னைக்கு வடக்கே மணலியில், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். கோட்டைக்குள் ஆங்கிலேயரின் பேண்டு வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. அண்ணன் அந்த மெட்டுகளைக் காதில் வாங்கி, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. தம்பியோ வயலினை நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தார். நின்றுகொண்டு வாசித்த கருவி நம்மிடம் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தது. அதன் தலை வாசிப்பவரின் கணுக்காலில் சாய்ந்தது. தந்திகள் சட்ஜமும் பஞ்சமமுமாகச் சுருதி மாறின. விரல் வழுக்கிக் கமகம் பிறந்தது. ஆளவந்தவர்களின் கருவியை ஆளப்பட்டவர்கள் அடிமைத்தனமில்லாமல் வாங்கிக்கொண்ட அரிய நிகழ்ச்சி இது. வாங்குகிறவன் தன் இருப்பை இழக்காமலும், வந்த பொருளை அவமதிக்காமலும் இருந்ததால்தான், இன்று வயலின் இல்லாத கச்சேரியை நம்மால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

நம் காலத்தில் அந்த வேலையைக் கல்லூரியாகவே செய்து காட்டியது, 2008-இல் ஏ.ஆர்.ரகுமான் சென்னையில் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி. லண்டனின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தோடு கைகோத்து, மேனாட்டு இசையையும் இந்துஸ்தானியையும் ஒரே கூரையின்கீழ் அது கற்பிக்கத் தொடங்கியது. அதைவிட என் மனத்தில் நிற்பது அதன் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா. சென்னையில் வசதியற்ற குடும்பங்களின் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கட்டணமில்லாமல் வயலினும் செல்லோவும் சொல்லிக்கொடுத்து அமைத்த குழு அது. எம்.எஸ்.சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடிய 1966-க்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்ட் 15 அன்று, நியூயார்க்கின் அதே சபையில் ரகுமானோடு அந்தக் குழுவும் வாசித்தது. வெனிசுலாவில் 1975-இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்டெமா என்ற பெரிய இயக்கமும் இதே நம்பிக்கையில் எழுந்ததுதான்: ஏழைப் பிள்ளையின் கையில் கருவியைக் கொடுத்தால் போதாது, அவனைக் குழுவின் நடுவில் உட்காரவைக்கவேண்டும், தான் வாசிக்காவிட்டால் ஓர் ஒலி குறையும் என்று அவன் உணரவேண்டும்.

பெருமைப்படவேண்டிய செய்திகள் இவை. ஆனாலும் கூட்டுறவை விமானச் சீட்டுகளால் அளக்கும் பழக்கம் நம்மிடம் வந்துவிட்டதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. வெளிநாட்டுக் கல்லூரியோடு ஒப்பந்தம் கையெழுத்தானால் படம் வெளிவருகிறது. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையின் கூத்தைத் தேடி வந்தவர்களைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? பாரிஸின் தியேத்ர் து சொலெய் நாடகக் குழுவினர், 2016-இல் அரங்கேற்றிய நாடகத்துக்காகப் புரிசைத் தெருக்கூத்து ஆசிரியரிடம் ஆட்டமும் பாட்டும் பயின்றார்கள். உலகப் புகழ்பெற்ற நடிகர்கள் ஆர்மோனியமும் முகவீணையும் மேளமும் ஒலிக்கும் கூத்துக்கு முன்னே மாணவர்களானார்கள். ஒப்பந்தத்தின் இரண்டு பக்கத்திலும் கற்கவேண்டியவர்கள் இருக்கும்போதுதான் அது கூட்டுறவாகிறது. ஒரு பக்கத்தில் கொடுப்பவரும் மறுபக்கத்தில் வாங்குபவரும் மட்டுமே இருந்தால் அதற்கு நன்கொடை என்று பெயர். நன்கொடை தாழ்ந்ததன்று. ஆனால் அதிலிருந்து இசை பிறப்பதில்லை.

கூனிமேட்டுக்கு வருவோம். இந்தக் கரைக்கு ஒரு பழைய இசைவழி உண்டு. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு, இன்றைய திண்டிவனம், மரக்காணம் பகுதிதான். அந்தப் பாட்டில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், பசியோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லுவதுதான் ஆற்றுப்படை. அந்தப் பாட்டில் மறக்கமுடியாத காட்சி பாணனின் வீடு. குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளிவந்து, உப்பும் இல்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள் அவன் மனைவி. இப்படிக் கதவு சாத்திய வீட்டிலிருந்து புறப்பட்டவன், கையில் சிறிய யாழோடு இந்த நெய்தல் கரையை வந்தடைகிறான். நுளையர் குடியிருப்பில் அவனுக்குத் தேறலும் சுட்ட மீனும் கிடைக்கின்றன.

அந்தக் காட்சியை வறுமையின் படமாக மட்டும் படித்து நாம் நகர்ந்துவிடுகிறோம். அதில் இருக்கும் பெரிய செய்தி, வழி சொல்லும் பாணனுடையது. அவன் பெற்றதை மறைக்கவில்லை. தன் தொழிலில் இருக்கும் இன்னொருவனைப் போட்டியாக எண்ணவில்லை. எந்த ஊரில் யார் வரவேற்பார்கள், எந்தக் கரையில் எது கிடைக்கும் என்று அடிக்கு அடி சொல்லி அனுப்புகிறான். இசைக்கலைஞர் ஒருவர் இன்னொரு இசைக்கலைஞருக்கு இடம்விடும் இந்தப் பண்பை ஓர் இலக்கிய வகையாகவே ஆக்கிவைத்தது நம் மொழி. அதோடு, அந்த வழியில் இசை எந்த ஊரையும் கடந்து ஓடவில்லை. ஒவ்வோர் ஊரிலும் தங்கிற்று, உண்டது, பாடிற்று, நன்றியோடு அடுத்த ஊருக்குப் போயிற்று.

இன்று அந்தக் கரையோரமாகச் செல்வது கிழக்குக் கடற்கரைச் சாலை. சென்னையிலிருந்து ஆரோவில்லுக்கும் புதுச்சேரிக்கும் கச்சேரிக்குச் செல்லும் வண்டிகள் கூனிமேட்டைத் தாண்டித்தான் போகின்றன. பிரான்சில் 1982-இல் தொடங்கிய ஜூன் 21 இசைத் திருநாளைப் புதுச்சேரி கொண்டாடுகிறது. தெருவில் யாரும் வாசிக்கலாம், யாரும் கேட்கலாம் என்பது அந்த நாளின் கொள்கை. அந்தத் தெரு கூனிமேடுவரை நீளவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கம்பெனி இங்கே ஒரு பண்டகசாலை நடத்தியது. சரக்குக்காகக் கப்பல் நின்ற ஊர் இது. வணிகத்துக்கு நிற்கக் காரணம் இருந்தது. இசைக்குக் காரணம் கிடைக்கவில்லை என்று சொன்னால் அது நம் எல்லோருக்கும் உரிய வெட்கம்.

பாமர மக்களுக்கு இந்தக் கச்சேரியெல்லாம் பிடிக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. சென்னை பெசன்ட் நகரில், ஊரூர் ஆல்காட் குப்பத்தில், 2015-இல் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் சமூகச் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து தொடங்கிய விழா இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டது. கர்நாடக இசையும் பறையாட்டமும் அங்கே ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டன. யாருக்கு எது பிடித்தது என்ற கணக்கு எனக்கு முக்கியமாகப் படவில்லை. சபாவில் தவறாமல் முன்வரிசையில் உட்காரும் ஒருவர் மீனவர் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலி தேடி உட்கார்ந்தாரே, அதுதான் முக்கியம். கேட்பதற்காக இடம் மாறி உட்காருகிறவனுக்குள் ஏதோ ஒன்று இளகத்தான் செய்கிறது. அந்த இளக்கம் இல்லாமல் சமூகத்தில் எந்தச் சுருதியும் சேராது.

கூனிமேட்டில் ஒலியே இல்லை என்று யாரும் எண்ணிவிடவேண்டாம். அங்கே பாங்கோசை உண்டு, கோயில் மேளம் உண்டு. சுற்றுவட்டாரமெங்கும் விடிய விடியக் கூத்து நடக்கும் பூமி இது. கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் வேடக்காரனின் களைப்பைத் தங்கள் தொண்டையில் ஏந்தி, அவன் மூச்சு வாங்கும் இடங்களையெல்லாம் நிரப்பித் தருவதைக் கேட்டால், கூட்டிசையின் இலக்கணத்தை இங்கேயே கற்கலாம் என்று எந்தக் கல்லூரி மாணவனுக்கும் தோன்றும். ஆகவே வண்டி இங்கே நிற்கவேண்டும் என்று நான் சொல்வது, இல்லாதவர்களுக்கு இசையைக் கொண்டுவந்து ஊட்டுவதற்காகச் சொல்வதன்று. வருகிறவர்களுக்கும் இங்கே கேட்க இருக்கிறது என்பதற்காகத்தான்.

விழுப்புரத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் அங்கே பயிலலாம். ஆனால் உப்பள வேலைக்கும் கடலுக்கும் போகிற வீட்டுப் பிள்ளை கூனிமேட்டிலிருந்து அன்றாடம் அவ்வளவு தூரம் போய்வருவது எளிதில்லை. பள்ளி போகமுடியாத இடத்துக்குப் பள்ளியின் கச்சேரியாவது போகலாம். சென்னையின் இசைக் கல்லூரிகளை நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த ஆண்டுக்கான கச்சேரிப் பட்டியலைப் போடும்போது, லண்டனுக்கும் பெர்லினுக்கும் பக்கத்தில் கூனிமேடு என்றும் ஒரு வரி எழுதுங்கள். உங்கள் மாணவர்கள் விழுப்புரம் பள்ளியின் தவில், நாதசுர மாணவர்களோடு ஒரு மாலை சேர்ந்து வாசிக்கட்டும். முதல் அழைப்பு உள்ளூர் மேளக்காரர்களுக்கும் கூத்துக்காரர்களுக்கும் போகட்டும். அவர்களுக்கு மேடையில் இடம் கொடுங்கள், பார்வையாளர் வரிசையில் அல்ல.