சொல்லும் மூளையும்

மருந்துண்டவர்க்கு நோய் நீங்கின் அதற்குக் காரணம் கூறுதல் எளிது. மருந்தும் ஒரு பொருள். உடம்பும் ஒரு பொருள். ஒன்று மற்றொன்றைத் தாக்கி மாற்றிற்று என்பாம். ஆயின், மனநோயுற்றார் ஒருவர் மருத்துவர்முன் அமர்ந்து தம் அச்சத்தையும் துயரத்தையும் எடுத்துரைத்து, அவர் சொல்லும் பயிற்சிகளைச் சில திங்கள் செய்து நலம் பெறுகின்றார். ஈண்டு உட்கொண்ட பொருள் யாதுமில்லை; சொல்லும் பழக்கமுமே மருந்தாயின. உளச்சிகிச்சை எனப்படும் இம்முறை பயன் தருதல் எவ்வாறு? இவ்வினாவிற்கு மூளைநூலார் தரும் விடை யாது என்பதையும், அவ்விடையால் நிறுவப்படுவது எது, நிறுவப்படாதது எது என்பதையும் சிறிது ஆராய்வாம்.

பேசித் தீர்க்கும் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற வியன்னா நகரத்துச் சிக்மண்ட் பிராய்ட் முதலில் நரம்பு மருத்துவராகவே இருந்தவர். 1895-இல் மனத்தின் தொழில்களை நரம்பணுக்களின் தொழிலாக விளக்கப் புகுந்து ஒரு நூலைத் தொடங்கி, முடியாமலே விட்டனர். அவர் 1939-இல் மறைந்தபின், 1950-இலேயே அஃது அச்சேறிற்று. உயிரோடிருப்பார் மூளையின் தொழிலை நோக்கியறியும் கருவிகள் அவர் அதனை எழுதிய நாளில் இல்லை.

அதே வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த எரிக் கேண்டல், அப்ளிசியா என்னும் கடல் நத்தையை எடுத்துக்கொண்டு, கற்றல் என்பது நரம்பில் யாது செய்கின்றது என ஆராய்ந்தனர். சிறிதுபொழுது நிற்கும் நினைவு, நரம்பணுக்களிடையே முன்னரே உள்ள தொடர்புகளின் வலியை மாற்றுகின்றது. நெடுநாள் நிற்கும் நினைவோ புதிய தொடர்புகளையே வளர்க்கின்றது. இவ்வாராய்ச்சிக்காக 2000-இல் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். உளச்சிகிச்சை நிலைத்த பயன் தருமாயின், அதுவும் ஒருவகைக் கற்றலாகலின், மூளையின் அமைப்பை மாற்றியே தருதல் வேண்டும் என்று 1998-இல் அவர் ஒரு கட்டுரையில் வற்புறுத்தினர்.

மக்களிடத்தும் இதற்குச் சான்றுண்டு. கை தூய்தன்று என்னும் எண்ணம் நீங்காது மீண்டும் மீண்டும் எழ, ஓயாது கை கழுவுதல் போன்ற துன்பத்தைத் தருவது எண்ணச் சுழற்சி நோய். 1992-இல் அமெரிக்க அறிஞர் சிலர் இந்நோயினருள் ஒன்பதின்மர்க்கு மருந்தும், வேறு ஒன்பதின்மர்க்கு நடத்தைப் பயிற்சியும் அளித்து, மூளையின் எப்பகுதி எவ்வளவு சர்க்கரையைச் செலவிடுகின்றது எனக் காட்டும் படக்கருவியால் முன்னும் பின்னும் நோக்கினர். மருந்தால் நலமுற்றார்க்கும் பயிற்சியால் நலமுற்றார்க்கும், வலப்புறத்தே மூளையின் ஆழத்துள்ள வால்வடிவப் பகுதியின் மிகைத் தொழில் ஒருபடித்தாகக் குறைந்தது. நலமுறாதாரிடத்து அக்குறைவு காணப்படவில்லை. வழி இரண்டு, சென்றடைந்த இடம் ஒன்று.

அச்சம் நீங்குமாறும் இவ்வாறே விளங்குகின்றது. அஞ்சியதனைத் தீங்கின்றிப் பன்முறை எதிர்கொள்ளின் அச்சம் தணியும். ஆனால் பழைய நினைவு அழிந்துபடுவதில்லை. தணிந்த பழக்கம் சில காலங் கழித்துத் தானே மீளுதலை ரஷ்ய அறிஞர் பாவ்லாவ் நாய்களிடத்துக் கண்டனர். அழிதல் இன்றிப் புதிய கல்வி ஒன்று பழையதன்மேல் எழுந்து அதனை அடக்குகின்றது. மூளையின் முன்பகுதி, அச்சத்திற்கு நிலைக்களமாகிய அமிக்டலாவைத் தடுக்கின்றது என்ப. அப்புதுக்கல்வி கற்ற இடத்தோடும் சூழலோடும் பிணைந்து நிற்றலின், பல இடங்களிற் பலகாற் பயிலுதல் வேண்டும். ஒருமுறை அறிவுரை கேட்ட அளவில் நோய் தீராமைக்கும், தீர்ந்த நோய் சிலரிடத்து மீளுதற்கும் காரணம் இதனாற் புலனாம்.

அற்றேல், மனம் என்பது மூளையே, பிறிதில்லை என்பது பெறப்பட்டதன்றோ எனின், அன்று. குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். மண் உருமாறியதனைக் காட்டி, குயவன் இலன் என்றல் கூடாது. மருத்துவர் கூறிய அதே ஒலி, அம்மொழியறியாதார் செவியிலும் விழும். ஆனால் பயன் தாராது. பொருளை உணர்ந்து, அஞ்சியும் பின்னிடாது, தாமே பயின்றாரிடத்தன்றோ மூளை மாறிற்று! அவ்வுணர்தலும் மூளைத்தொழிலே என்று உலகாயதர் கூறுவரேல், அஃது அவர் கொள்கை, இச்சோதனைகளின் முடிபன்று. இவை காட்டுவது இரண்டும் உடனிகழும் என்பதே. மேலும், சிகிச்சை பயன்பட்டது என்பதற்குச் சான்று நோயாளரின் வாழ்வேயன்றிப் படமன்று. படம், பயன் சென்ற வழியை ஒருவாறு காட்டுவதே.

இவ்வாராய்ச்சியாற் போந்த பயன் யாதெனின், நோயாளர்க்கு நாம் இழைக்கும் இருவகைத் தீங்கினை அஃது ஒழிக்கின்றது. மனத்திட்பமின்மையே இந்நோய் என்று பழிப்பாருளர். அவர், பழிக்கப்படுபவரிடத்து மெய்யாகவே உடற்கருவி ஒன்று தன் இயல்பின் மிக்குத் தொழிற்படுதலை நோக்குவாராக. மூளைக்கோளாறாகலின் சொல்லாற் பயனில்லை என்று கைவிடுவாருமுளர். அவர், அக்கருவி சொல்லாலும் பயிற்சியாலும் திருந்துதலை நோக்குவாராக. மருந்து வேண்டுவார்க்கு மருந்தும் இகழத்தக்கதன்று. இரண்டும் ஒரு கருவியையே திருத்துவன. நோய் வந்தது நோயாளர் குற்றமன்று. நலம் பெறுதலில் அவர் முயற்சிக்கும் இடமுண்டு. இவ்விரண்டினையும் ஒருங்கே கொண்டு அவரோடு பேசுதல் மருத்துவர்க்கே அன்றி, உடன் வாழும் நமக்கும் கடனாம். நம் வாயிற் பிறக்கும் சொல் பிறர் மூளையிற் சுவடு பதிக்குமாயின், துன்புற்றாரிடத்து நாவினைக் காவாது விடுதல் எத்துணைப் பெருங் குற்றமாம் என்பது சொல்லாமலே அமையும்.